அரைநிலா ஜன்னலுக்குத் திரை போடுவதற்கு முன்

வளைவு வைத்த பழைய ஜன்னலுக்கு என்ன திரை போடலாம் என்று யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வருகிறது. துணிக்கடையிலும் சொந்தபந்தத்திலும் சொல்வது இது: வளைவுக்கு மேலே சுவரில் நேராக ஒரு ராடு அடி, உச்சியிலிருந்து தரை வரைக்கும் ஸ்கிரீன் துணியைத் தொங்கவிடு, உள்ளே என்ன வடிவம் இருக்கிறது என்றே தெரியாது. வீட்டு அலங்காரம் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் சொல்வது நேர் எதிர்: வளைவுதான் அந்த ஜன்னலுக்கே அழகு, அதை மறைக்காதே, கீழே இருக்கிற சதுரத்துக்கு மட்டும் திரை போதும், மேலே வெளிச்சம் தாராளமாக வரட்டும். முதல் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அது வேலைக்கு ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்ற கேள்வி என்னை விடவே இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது புதுச்சேரியில், கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில். கீழே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடு, மேலே மாடி மட்டும் பிரெஞ்சுச் சாயலில் வளைவு ஜன்னல்களோடு. வைசியாள் வீதிப் பக்கம் நடந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை கண்ணுக்குப் பழகியிருக்கும். மாடிப் பகுதியில்தான் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். கீழ்ப்பாதி நாலு மூலையும் நேரான மரச்சட்டம், வெளிப்பக்கம் சாய்வுப் பலகைகள் செருகிய இரட்டைக் கதவு. அதற்கு மேலே குறுக்குச் சட்டம், குறுக்குச் சட்டத்துக்கு மேலே அரைநிலா. நடுவிலிருந்து விசிறிபோல மரக்குச்சிகள் பிரிந்து போகும், இடையிடையே சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடி. அரைநிலாவைத் திறக்க முடியாது. சாயங்காலம் அந்தக் கண்ணாடி வழியாக வெயில் விழும்போது கூடத்தின் சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரையும் எதிர்ச் சுவரும் வேறு நிறமாகிவிடும். வீடு பார்க்க வந்த அன்றைக்கே அம்மா அதைப் பார்த்துத்தான் சரியென்று சொன்னார்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகு நிலைமை மாறியது. அறுவை நல்லபடியாகவே முடிந்தது, பேப்பர் படிக்கிறார், ஊசியில் நூல் கோர்க்கிறார். ஆனால் கூசுகிற வெளிச்சம் மட்டும் ஆகவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக் கட்டிலில் படுப்பவர், நாலு நாலேகாலுக்கெல்லாம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வார். அக்கா சென்னையிலிருந்து வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, “ஏன்டி, கண்ணாடி அழகா இருக்குன்னு அம்மாவை வெயில்ல போட்டு வச்சிருக்கியா? பிளாக்அவுட் துணி வாங்கி மேலேர்ந்து கீழே வரைக்கும் அடிச்சு மூடு” என்றாள். அவள் சொன்னதில் அக்கறை இருந்தது. அம்மாவோ, “மூடிட்டா அப்புறம் இந்த வீட்டுல என்ன இருக்கு?” என்று கேட்டார். இரண்டு பேரும் சரி. எனக்கு வேண்டியது இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற ஒரு வழி.

கடையில் கிடைக்கிற அளவுகள்

ரெடிமேட் திரைகள் மூன்று உயரத்தில் வரும்: ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, உயரமான கதவுக்கு 9 அடி. அகலம் பெரும்பாலும் 4 அடி. நாட்டில் இருக்கிற எல்லா ஜன்னலும் சதுரம் அல்லது நீள்சதுரம் என்ற நம்பிக்கையில் நடக்கிற வியாபாரம் அது. அடுக்குமாடி வீடுகளுக்கு அது சரிதான். ஆனால் வளைவையோ வட்டத்தையோ சாய்ந்த மேல்விளிம்பையோ சொன்ன உடனே கடைக்காரர் முதலில் தேடுவது அந்த வடிவத்தை நீள்சதுரத்துக்குள் ஒளித்துவைக்கிற வழியைத்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவரிடம் இருக்கிற பொருள் அப்படி.

வளைவை ஒட்டியே திரை தைக்கிற முறை ஒன்று உண்டு. வளைவு விளிம்பைத் தழுவினாற்போல வளைத்த ராடு மாட்டி, துணியைச் சுருக்கி, எல்லா மடிப்பும் கீழே நடுவில் ஒரு புள்ளியில் கூடும்படி கட்டுவது. படத்தில் சூரியன் உதிப்பதுபோல மிக அழகாக இருக்கும். எனக்கும் ஆசை வந்தது. எங்கள் தெருமுனையில் தைக்கிற பாயிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டது அளவை அல்ல, காகித அச்சை. “வளைவுக்கு டேப்பு பிடிச்சு எழுதின அளவு எனக்கு வேணாம்மா. பிரவுன் பேப்பரை ஜன்னல்ல ஒட்டி, விளிம்பைப் பென்சில்ல வரைஞ்சு, வெட்டி எடுத்துட்டு வாங்க” என்றார்.

அப்படி வரைந்தபோதுதான் எங்கள் அரைநிலா உண்மையில் அரைவட்டம் இல்லை என்று தெரிந்தது. அகலம் 45 அங்குலம். அரைவட்டம் என்றால் உயரம் அதில் பாதி, 22½ அங்குலம் இருக்க வேண்டும். எங்களுடையது 19. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் அரைவட்டம் என்று நம்பிச் செய்த எந்தப் பொருளும் உள்ளே உட்காராது. அதோடு, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கையால் கட்டிய வளைவு என்பதால் இடப்பக்கம் வளைவு தொடங்குகிற இடம் வலப்பக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்வு. பழைய வீட்டு வளைவுக்கு எதைச் செய்வதென்றாலும் காகித அச்சு எடுக்காமல் இறங்கக் கூடாது. இரண்டு ஜன்னல்கள் அச்சாக ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் தனித்தனி அச்சு வேண்டும், அச்சில் எது உள்பக்கம், எது இடப்பக்கம் என்று அப்போதே எழுதிவிட வேண்டும்.

பாய் அச்சை மேசைமேல் விரித்து, வளைவு விளிம்பில் நூலை ஓட்டி அளந்தார். 64 அங்குலம். மடிப்பு நன்றாக விழ வேண்டுமென்றால் அதைப்போல இரண்டு பங்கு துணி, அதாவது 128 அங்குலம். அத்தனை துணியும் கீழே ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். மெல்லிய வாயில் துணி என்றால் சேரும், ஆனால் அது வெயிலைத் தடுக்காது. வெயிலைத் தடுக்கிற தடித்த துணி என்றால் நடுவில் முஷ்டி கனத்துக்கு முடிச்சு விழும். அதற்கு மேல், அந்தத் திரையைத் தினமும் திறந்து மூட வழியில்லை. போட்டால் போட்டதுதான். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் தூசியும் மடிப்புக்குள் போய் உட்கார்ந்தால், ஏணி வைத்து ஏறி அவிழ்த்துத் துவைத்து மறுபடி மடிப்பு மடிப்பாகக் கட்ட வேண்டும். பாய் தைத்துத் தர மறுக்கவில்லை. ஆனால் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எதுக்கு போடறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க” என்றார்.

அலங்காரம் சொல்கிறவர்களின் அடுத்த யோசனை, கண்ணாடியின் உள்பக்கம் கூலிங் ஃபிலிம் ஒட்டுவது. புதுக் கட்டடத்தின் கண்ணாடிக்கு அது பொருத்தமாக இருக்கலாம். பழைய நிறக் கண்ணாடி தானே வெயிலை உறிஞ்சிச் சூடேறுகிற பொருள். அதன் முதுகில் இன்னும் சூட்டைப் பிடித்து வைக்கிற ஃபிலிமை ஒட்டினால், நடுவில் சூடு, சட்டத்துக்குள் புதைந்த விளிம்பில் குளிர்ச்சி என்று ஆகி விரிசல் விட வாய்ப்பு உண்டு. அந்தக் கண்ணாடியில் ஒன்று போனால் அதே நிறத்தில் இன்னொன்று தேடிக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் அதை யோசனையிலேயே விட்டுவிட்டேன்.

ஒரு மே மாதத்து ஞாயிறு

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். கூடத்தில் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் எந்த வழியாக வருகிறது, எங்கே போய் விழுகிறது என்பதை ஒழுங்காகப் பார்க்காமல் துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதுதான் காரணம். சிவப்புத் தரையில் சாக்பீஸ் கோடு நன்றாகத் தெரியும், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

மூன்று மணிக்கு வெயில் ஜன்னலின் கீழ்ப்பாதியில்தான் பலமாக இருந்தது. அரைநிலாவின் மேல்விளிம்பை, சுவரிலிருந்து ஓரடி நீண்டிருக்கும் கார்னிஸின் நிழல் மறைத்திருந்தது. கீழே சாய்வுப் பலகைக் கதவைச் சாத்தினேன், பலகை இடுக்கில் வந்த வெளிச்சம் தரையில் மெல்லிய வரிகளாக விழுந்தது, கூடம் ஓரளவு இருட்டானது. கீழ்ப்பாதிக்கு அந்தக் கதவு போதும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதைச் செய்தவர்கள் வெயிலை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நாலு மணிக்குமேல் கதை மாறியது. சூரியன் இறங்க இறங்கக் கார்னிஸின் நிழல் மேலே சுருங்கி, அரைநிலா முழுவதும் வெயிலுக்கு வந்தது. நிற வெளிச்சம் தரையில் நீண்டுகொண்டே கட்டிலை நோக்கிப் போனது. நாலேகாலுக்குச் சிவப்பும் மஞ்சளும் கட்டிலின் காலைத் தொட்டன. நாலரைக்குள் தலையணைமேல் இருந்தன. தலையணையில் நானே தலைவைத்துப் படுத்துப் பார்த்தேன். மஞ்சள் கண்ணாடி வழியாகச் சூரியன் நேராகக் கண்ணில் இறங்கியது. புரை எடுக்காத என் கண்ணாலேயே தாங்க முடியவில்லை. ஐந்து மணிக்கு வெளிச்சம் சுவரில் ஏறி, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் முகம் இருக்கிற உயரத்தில் நின்றது. அந்த நேரத்தில் கீழ்ப்பாதிக் கதவைத் திறந்தேன். அங்கே வெயிலே இல்லை. எதிர்வீட்டுச் சுவரின் நிழல் கீழிருந்து மேலாக ஏறிக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டியிருந்தது. அரைநிலாவில் மட்டும் ஐந்தரைக்குப் பிறகும் வெயில் இருந்தது.

இதைப் பார்த்த பிறகு, அதுவரை கேட்ட யோசனைகள் எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தன. ‘கீழே மூடு, மேலே விடு’ என்பது வெயிலுக்கு ஏங்குகிற ஊர்க்காரர்கள் எழுதிய யோசனை. அங்கே ஜன்னலுக்குத் திரை போடுவது பக்கத்து வீட்டுக் கண்ணுக்காகவும் குளிருக்காகவும். மேலே இருந்து எட்டிப்பார்க்க ஆள் இல்லை, வெளிச்சமோ தேவை, அதனால் வளைவை வெறுமனே விடு என்பது அவர்களுக்கு முழுக்க நியாயம். எங்கள் கூடத்தில் அம்மாவைச் சிரமப்படுத்துவது அந்த வளைவு மட்டுமே. கீழ்ப்பாதிக்குக் கதவு இருக்கிறது, மேல்பாதிக்கு ஒன்றுமே இல்லை. அக்கா சொன்னபடி மேலிருந்து கீழ்வரை மூடினால், தொல்லை இல்லாத கீழ்ப்பாதியின் காற்றையும் சேர்த்து இழப்போம்.

இன்னொன்றையும் அன்றைக்கு யோசித்தேன். புதுச்சேரி இருப்பது ஏறத்தாழ 12 டிகிரி வடக்கில். ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் 20 வாக்கில் திரும்பி வரும்வரை உச்சிக்கு வடக்கேதான் இருக்கும். ஜூனில் அஸ்தமனம் நேர் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி நடக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. அதாவது கோடையில் எங்கள் ஜன்னலுக்கு வெயில் வலப்பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறது, மார்கழியில் இடப்பக்கத்திலிருந்து. கட்டில் கிடப்பது கோடை வெயில் போய் விழுகிற மூலையில். மார்கழியில் அதே நிற வெளிச்சம் புத்தக அலமாரிப் பக்கம் விழும், யார் கண்ணிலும் படாது, சூடும் உறைக்காது. ஆண்டு முழுக்க மூடி வைக்க வேண்டிய ஜன்னலே இல்லை அது. கோடைக்கு மட்டும், சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் அதற்கு ஒரு மறைப்பு வேண்டும்.

வெளியே நிற்க வேண்டிய மறைப்பு

மறைப்பு உள்ளே இருக்க வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்பதை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை, எல்லாமே உள்ளே என்று பழகிவிட்டோம். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே தொங்குகிற துணி அதைக் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். துணி சூடேறும், துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற காற்று சூடேறி மேல்வழியாகக் கூடத்துக்குள் இறங்கும். மேற்குப் பார்த்த அறையில் கறுப்பு லைனிங் போட்ட திரைக்குப் பின்னால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள், சூளைக்கு முன்னால் நிற்பதுபோல இருக்கும். வெள்ளை லைனிங் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், முழுவதையும் அனுப்பாது. வெளியிலேயே தடுத்தால் சூடு கண்ணாடிக்கே வராது.

இது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. கால்வாய்க்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியான வெள்ளை நகரத்து வீடுகளில் கண்ணாடிக் கதவு உள்ளே, சாய்வுப் பலகைக் கதவு வெளியே. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைத் தெருவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். இன்றைய செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் வேலை செய்த ஆன்டொனின் ரேமண்ட் வடிவமைத்த கட்டடம், 1937-இல் வேலை தொடங்கியது, பிற்காலத்தில் மரவேலைக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நாகஷிமா கூடவே இருந்து மேற்பார்த்தது. பெயருக்குக் காரணம் ஐதராபாத்திலிருந்து வந்த பண உதவி. அந்தக் கட்டடத்தின் முகத்தில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்க அசையும் தட்டுகள், வேண்டியபடி சாய்த்துக்கொள்ளலாம், உள்ளே தேக்குச் சட்டங்களால் ஆன இழுப்புக் கதவு. காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துகிறது. மின்விசிறியை நம்பாமல் யோசித்த கட்டடம் அது. நான் அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

ஆசாரி ஒருவரிடம் அரைநிலா வடிவத்திலேயே வெளிப்பக்கம் ஒரு சாய்வுப் பலகைச் சட்டம் செய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், காகித அச்சு இருப்பதால் கச்சிதமாகவே செய்யலாம். ஆனால் தேக்கில் செய்தால் எங்கள் கைக்கு எட்டாத விலை, திறந்து மூட முடியாது, சுவரில் பதிக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் டிரில் போட்டால் துளை நிற்காமல் உதிரும், பிளக் பிடிக்காது. வீட்டுக்காரர் பிரான்சில் இருக்கிறார், வாட்ஸாப்பில்தான் பேச்சு. சுவரில் எந்தத் துளையும் வேண்டாம், மரச்சட்டத்தில் வேண்டுமானால் சிறு திருகாணி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டின்மேல் அவருக்கு இருக்கிற அக்கறை எனக்கும் பிடித்தது.

வெளியே மறைப்பதென்றால் அது வளைவாகவே இருக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே நேர் துணி போட்டால் வளைவு செத்துப்போகிறது. வெளியே எந்த வடிவத்தில் மறைத்தாலும் உள்ளே இருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது அரைநிலாதான். எனவே சாதாரண மூங்கில் தட்டி போதும். சாலையோரத்தில் தட்டி பின்னி விற்பவரிடம் சொல்லிச் செய்தோம். ஜன்னல் அகலம் 45 அங்குலம், ஆனால் தட்டி 5 அடி, அதாவது 60 அங்குலம். கார்னிஸ் நீட்டத்தால் தட்டி சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தொங்கும், கோடை வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து வரும், அந்த ஓரடி இடைவெளியில் பக்கவாட்டில் நுழையாமல் இருக்க இரண்டு பக்கமும் அரையடிக்குமேல் கூடுதல் வேண்டும். உயரம் இரண்டரை அடி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இருக்கிற துவாரங்கள் வழியாக இரண்டு கயிறு விட்டு, உள்பக்கம் ஒரு கட்டையில் கட்டினோம், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. சுருட்டுகிற கயிறு ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு வரும். நாலு மணிக்கு இறக்கிவிட்டு, காற்றில் ஆடாமலிருக்கக் கீழ் முனைகளைக் கதவுக் கொண்டியில் கட்டிவிட்டால் ஆயிற்று. இடையில் ஓரடி வெளி இருப்பதும் நல்லதே, சூடேறிய காற்று அங்கே தங்காமல் மேலே போய்விடுகிறது.

வெட்டிவேர்த் தட்டி போடலாமே என்று பலர் சொன்னார்கள். பக்கத்திலேயே கடலூர்ப் பக்கம் மணற்பாங்கில் வெட்டிவேர் விளைகிறது, வாங்குவது கஷ்டமில்லை. ஆனால் வெட்டிவேரில் தண்ணீர் தெளித்தால் குளிர்வது ஈரம் காற்றில் ஆவியாகிற ஊரில்தான். மே மாதக் கடற்கரைக் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது வாசனை வரும், குளிர்ச்சி பெரிதாக வராது. வாசனைக்காகப் போடுங்கள், தாராளமாக.

தட்டியை இறக்கிய முதல் சாயங்காலம் எனக்கு இருந்த பயம், அம்மாவுக்குப் பிடித்த நிறம் போய்விடுமோ என்பது. முழுதாகப் போகவில்லை. மூங்கில் பற்களுக்கு நடுவில் வெயில் இழை இழையாகக் கசிந்து கண்ணாடியில் பட்டு, சுவரில் வண்ண நூல் இழுத்ததுபோல விழுந்தது. தலையணையில் படுத்துப் பார்த்த அம்மா, “கண்ணு கூசல” என்றார். பிறகு, “தீபாவளிக்கு அப்புறம் தூக்கிடுவல்ல?” என்று கேட்டார். உண்மையில் தீபாவளிக்கு முன்பே தூக்கியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வெளியே தொங்குகிற எதையும் விட்டுவைக்கக் கூடாத ஊர் இது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடந்தபோதும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோதும் மாடிகளிலிருந்து என்னென்ன பறந்தன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மழைக்காகத் தட்டியை அவிழ்க்கிற மாதமும், வெயில் தெற்கே சாய்ந்து சாதுவாகிற மாதமும் ஒன்றாகவே வருவது எங்கள் அதிர்ஷ்டம். காயவைத்துச் சுருட்டிப் பரணில் வைத்தால் மார்ச் வரைக்கும் அரைநிலாவுக்கு மறைப்பே கிடையாது.

கீழ்ப்பாதிக்குத் துணி

கீழ்ப்பாதிக்கு வேண்டியிருந்தது இரவு விளக்கு போட்ட பிறகு எதிர்வீட்டுக்குத் தெரியாமல் இருக்க ஒரு மெல்லிய மறைப்பு மட்டும். ராடைச் சுவரில் அடிக்காமல் குறுக்குச் சட்டத்திலேயே மாட்டினோம், தேக்கு திருகாணியை நன்றாகப் பிடிக்கும். வளைவு தொடங்குகிற கோட்டிலேயே துணியும் தொடங்குவதால் அரைநிலா துணிக்குமேல் தனியாக நிற்கிறது. ராடும் வளையமும் பித்தளை. கடற்கரையில் இரும்பு வளையம் போட்டால் முதல் மழைக்காலத்திலேயே துணியில் துருக்கறை இறங்கிவிடும், பிறகு எதைப் போட்டுத் துவைத்தாலும் போகாது. துணி சென்னிமலைப் பக்கத்துக் கைத்தறிப் பருத்தி, 48 அங்குல அகலம். 45 அங்குல ஜன்னலுக்கு இரண்டு பங்கு சுருக்கம் என்றால் 90, இரண்டு அகலம் சேர்த்தால் 96, ஓர மடிப்புப் போக மிகச் சரியாக வந்தது. தைப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தே பாயிடம் கொடுத்தேன், பருத்தி முதல் சலவையில் சுருங்கும். அக்கா தரை வரைக்கும் துணி விட்டிருந்தால் கூடம் உயரமாகத் தெரியும் என்கிறாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய ஜன்னலின் அடிக்கட்டை அகலமானது, உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதற்கென்றே கட்டியது. தரை வரைக்கும் துணி விட்டால் அந்த இருக்கை போய்விடும்.

வேறு வடிவங்கள்

இதை எழுதப்போகிறேன் என்று தெரிந்த நண்பர்கள் தங்கள் ஜன்னல்களைப் பற்றிக் கேட்டார்கள். மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிற வட்ட ஜன்னலுக்கு நான் எதுவுமே போட மாட்டேன், கண் உயரத்துக்கு மேலே இருக்கிறது, யாரும் அங்கே படுப்பதில்லை. காலை வெயில் உள்ளே வந்தால் வரட்டும். ஓட்டுச் சாய்ப்பின் கீழ் வருகிற முக்கோண ஜன்னலில் சாய்வாக ராடு மாட்டினால் வளையமெல்லாம் சரிந்து தாழ்ந்த மூலையில் போய்ச் சேரும். அதற்கு அசையாத சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியோ, சாய்வுக்குக் கீழே நேர் ராடோதான் சரிவரும். மூன்று பக்கம் வெளியே துருத்திய ஜன்னலுக்கு மூன்று தனித் திரை போட்டால் மூலைகளில் இடுக்கு விழும், ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி ஓடுகிற மாதிரி கூரையில் வளைத்துப் பொருத்துகிற தண்டவாளம் அதற்கு நல்லது. ஆனால் எந்த வடிவமாக இருந்தாலும், எந்தப் பகுதி வழியாக, எந்த நேரத்தில், எது உள்ளே வருகிறது என்று பார்த்த பிறகுதான் துணிக்கடைக்குப் போகச் சொல்கிறேன்.

அக்கா சென்னையில் வாங்கியிருக்கும் புது வீட்டில் இரண்டு சுவர் சந்திக்கிற மூலை முழுக்கக் கண்ணாடி, தூணே இல்லாமல். ஒரு பக்கம் கிழக்கு, ஒரு பக்கம் வடக்கு. வடக்குப் பக்கம்தானே, அதற்குத் திரை வேண்டாம் என்று கட்டுமான ஆட்கள் சொன்னார்களாம். மே, ஜூன், ஜூலையில் சென்னைக்கும் சூரியன் வடக்கே நிற்கும், காலையிலும் சாயங்காலத்திலும் அந்தக் கண்ணாடியில் வெயில் சாய்வாக விழத்தான் செய்யும் என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. இப்போது அவளும் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள், படம் எடுத்து அனுப்புகிறாள். நேற்று வந்த படத்தில் வடக்குக் கண்ணாடியின் வெயில் சோஃபாவின் கைப்பிடி வரைக்கும் வந்திருந்தது. திரைக்காரரை ஆகஸ்ட் முடிந்து வரச் சொல்லியிருக்கிறாள்.